தம்பியின் நோட்டும் தாத்தாவின் உடுக்கையும்

(மனநல மருத்துவர் பதில்)

வந்த கடிதம் எட்டுப் பக்கம். எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் 26 வயதுப் பெண், கோவையில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தம்பிக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்தே பேய்ப் படம் என்றால் உயிர். கடந்த நான்கு மாதமாக வெள்ளைக்காரப் பேய்ப் படங்கள் மட்டும்தான்: வட்டம் போட்டு மெழுகுவத்தி ஏற்றுவது, லத்தீனில் மந்திரம் சொல்வது, அந்த வகை. 2018-ல் வந்த ‘ஹெரெடிட்டரி’ படத்தில் பைமோன் என்றொரு பேய் ராஜா வருகிறான். அந்தப் பெயர் நிஜமாகவே ஒரு பழைய மந்திரப் புத்தகத்தில் இருப்பதைத் தம்பி கண்டுபிடித்திருக்கிறான். அதிலிருந்து பைமோனுக்குரிய முத்திரைச் சின்னத்தை ஒரு நோட்டு முழுக்க, பக்கத்துக்குப் பக்கம் வரைந்து வைத்திருக்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, கட்டில் காலடியில் கறுப்பாக யாரோ நிற்கிறார்கள் என்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னானாம். சாப்பாடு குறைந்துவிட்டது. நான்கு அரியர். ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவைப் பெற்ற தாத்தா கோடாங்கி. உடுக்கையடித்துக் குறி சொல்வதும், காத்து கருப்புப் பட்டவர்களுக்குப் பார்ப்பதும் ஐம்பது வருடத் தொழில். அம்மா அவரிடம்தான் முதலில் கொண்டு போயிருக்கிறார். தாத்தா, ‘என்ன படம்னு காட்டுடா’ என்று பேரன் போனில் அரை மணி நேரம் பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “இதென்ன தாயி, இதுக்கு ஊரும் இல்ல, பேரும் இல்ல. என்ன வேணும்னும் வாயத் தொறந்து கேக்க மாட்டேங்குது. சும்மா செவுத்துல ஏறி எறங்குது. நான் யாருக்குன்னு உடுக்கையடிக்க? இது நம்ம சோலி இல்ல” என்று பேரன் நெற்றியில் விபூதியைப் பூசி அனுப்பிவிட்டார்.

அம்மா இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். அப்பாவாலேயே முடியாது என்றால் இது ரொம்பப் பெரிய பேய். ஒரு மண்டலம் தங்க வைத்து, சங்கிலி போட்டுக் குணப்படுத்துகிற இடம் ஒன்றை யாரோ சொல்ல, அங்கே கொண்டு போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா, படக் கம்பெனி மேல் கேஸ் போடலாம் என்கிறார். இந்தப் பெண் கேட்பது மூன்று: நிஜமாகத் தொழில் தெரிந்தவர்கள் இந்தப் படங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? தம்பி தெரியாமல் எதையாவது கூப்பிட்டுவிட்டானா? அம்மா சொல்லும் இடத்துக்கு அனுப்பலாமா?

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் எடுக்கப்போவதில்லை. பல வருடம் ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாதத்தில் ஜெயித்து நான் ஒருத்தரையும் தூங்க வைத்ததில்லை. நீங்கள் கேட்டது, தொழில்காரர்கள் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று. அது நல்ல கேள்வி. உங்கள் தம்பி இப்போது இருக்கும் நிலையில் டாக்டர் சொல்வதை விட ‘அந்தப் புத்தகக்காரர்கள்’ சொல்வதைத்தான் மதிப்பான். அதனால் அங்கேயே தொடங்குவோம்.

புத்தகத்தில் இருக்கும் பைமோன்

தம்பி சொல்வது பாதி சரி. அந்தப் பெயர் சினிமாக்காரர்கள் உண்டாக்கியதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் தொகுத்து, 1904-ல் ஆங்கிலத்தில் அச்சான ‘கோயேத்தியா’ என்ற மந்திர நூலில் 72 ஆவிகளின் பட்டியல் இருக்கிறது. பைமோன் அதில் ஒன்பதாவது. கிரீடம் வைத்துக்கொண்டு ஒட்டகத்தின் மேல் வருவான், முன்னால் எக்காளமும் தாளமும் முழங்கும், கலைகளும் சாஸ்திரங்களும் சொல்லித் தருவான் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர் சாமி புறப்பாட்டுக்கும் வாத்தியார் வேலைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆண்பிள்ளையின் உடம்பு வேண்டும் என்று கேட்டு ஒரு குடும்பத்தையே காவு வாங்குவது அதில் இல்லை. அது திரைக்கதை.

இந்தப் புத்தகங்களை வைத்துச் சடங்கு செய்கிறவர்கள் இன்றைக்கும் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படங்கள் மேல் இருக்கும் பெரிய குறை, இரண்டு வேறு தொழிலைச் சினிமா ஒன்றாகக் குழப்பிவிட்டது என்பது. புத்தகத்தில் மந்திரக்காரன் வட்டத்துக்குள் நிற்பான். ஆவி வெளியே, முக்கோணத்துக்குள் வரவேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். முடிந்ததும் விடைகொடுத்து அனுப்பிவிட வேண்டும், அதற்கும் தனி வாசகம் உண்டு. உடம்புக்குள் ஏறுவது அந்தச் சடங்கின் நோக்கமே இல்லை. உடம்பில் ஏறியதை விரட்டுவது தேவாலயத்தின் வேலை. படத்தில் பார்த்தால் வட்டத்தை இங்கிருந்து எடுப்பார்கள், கட்டிலில் கட்டிப் போட்ட பெண்ணை அங்கிருந்து எடுப்பார்கள், இரண்டையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவார்கள்.

சரி, விரட்டும் தொழில்காரர்களாவது படத்தை ஒத்துக்கொள்கிறார்களா? ரோமில் பல வருடம் பேயோட்டிய கபிரியேலே அமோர்த் என்ற குரு 2016-ல் காலமானார். 1973-ல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ தனக்குப் பிடித்த படம் என்றவர், அதில் காட்டும் வித்தைகள் மிகை என்றும் சொன்னார். அவரையே கதாநாயகனாக வைத்து 2023-ல் ஒரு படம் வந்தபோது, வத்திக்கானின் அங்கீகாரம் பெற்ற பேயோட்டும் குருக்களின் சங்கமே அதை நம்பத் தகாதது என்று வெளிப்படையாகக் கண்டித்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1999-ல் கத்தோலிக்கத் திருச்சபை திருத்தி வெளியிட்ட சடங்கு முறையில், இது நோயாக இருக்குமோ என்பதை முதலில் பார், தேவைப்பட்டால் மருத்துவரைக் கேள் என்று இருக்கிறது. படத்தில் டாக்டர் வருவார், உதட்டைப் பிதுக்குவார், போய்விடுவார்; அதற்கப்புறம்தான் குரு வருவார். நிஜத்தில் குருதான் டாக்டரைத் தேடவேண்டும்.

அந்த 1973 படத்தில் வரும் பேயின் பெயர் பசூசு. பழைய மெசபடோமியாவில் பசூசு என்ன வேலை செய்தது தெரியுமா? பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சைக் குழந்தையையும் தாக்க வரும் லமாஷ்டு என்ற பெண் பேயை விரட்டுவது. அதன் கோர முகத்தை வார்த்துத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள், வீட்டில் வைத்தார்கள். நாம் புதுவீட்டு வாசலில் நாக்கைத் துருத்திய அரக்க முகத்தைத் தொங்க விடுகிறோமே, திருஷ்டி பொம்மை, அதே சோலி. காவலுக்கு நின்றதைப் பிடித்துச் சின்னப் பெண்ணின் உடம்பில் ஏற்றிவிட்டது சினிமா. உங்கள் தாத்தாவுக்கு இது உடனே புரியும். நம் படங்களில் முனி பட்ட பாடும் இதுதானே. ஊர் எல்லையில் காவலுக்கு நிற்கிற, எத்தனையோ குடும்பங்களுக்குக் குலசாமியாக இருக்கிற முனியைப் பேய் என்று காட்டிக் காட்டி, பட்டணத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. சாத்தானை வைத்துச் சபை நடத்துகிறவர்கள். 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த சபைக்காரர்களைக் கேட்டால், சாத்தான் என்று ஒரு ஆள் கிடையாது, அது அடையாளம் என்பார்கள். பின்னாளில் வந்த வேறொரு சாத்தானியக் கோயில்காரர்கள், தாங்கள் செய்து வைத்த ஆட்டுத்தலைச் சிலையை ஒரு தொடரில் காப்பியடித்துத் தீமையின் சின்னமாகக் காட்டிவிட்டார்கள் என்று 2018-ல் நெட்பிளிக்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். சீக்கிரமே சமரசமாக முடிந்தது. பேயின் பெயரைச் சொல்லித் தொழில் நடத்துகிறவர்களுக்கே கோபம் வந்தால் அனுப்புவது வக்கீலைத்தான். தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரித்தான் என்றால் நல்ல அறிகுறி.

கடைசியாக ஒன்று, இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்த 72 பேர் பட்டியலுக்கு முந்தைய பட்டியல் ஒன்று 1577-ல் அச்சானது. அதிலும் பைமோன் உண்டு. அச்சிட்டவர் யோஹான் வையர், ஒரு மருத்துவர். சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் கிழவிகளை உயிரோடு எரித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் சூனியக்காரிகள் இல்லை, மனச்சோர்வு நோய் கண்டவர்கள், இவர்களுக்கு வேண்டியது வைத்தியம் என்று 1563-லேயே புத்தகம் எழுதிய தைரியசாலி. அதன் பின்னிணைப்பாகத்தான் 69 பேய்களின் பட்டியலைச் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பே ‘பேய்களின் பொய் ராஜாங்கம்’ என்று பொருள்படும். இந்த ஆட்களின் கூத்தைப் பாருங்கள் என்று காட்டத்தான் அச்சிட்டார். யாராவது செய்து பார்த்துவிடப் போகிறார்களே என்று வேண்டுமென்றே சில இடங்களை வெட்டியும் விட்டார். மனநோயாளிகளுக்காக வாதாடிய டாக்டர் கிண்டலுக்குப் போட்ட பட்டியல், நானூறு வருடம் தாண்டி உங்கள் தம்பியின் நோட்டில் வந்து நிற்கிறது. தம்பி எதையாவது கூப்பிட்டுவிட்டானா என்று கேட்டீர்கள். அந்தப் புத்தகத்தை நம்பிச் செய்கிறவர்கள் கணக்கிலேயே கூட, முத்திரையை நோட்டில் வரைவது கூப்பிட்டதாக ஆகாது.

தாத்தா கையை விரித்தது ஏன்

உங்கள் அம்மா செய்த தவறு இங்கேதான். தாத்தா ‘என்னால் முடியாது’ என்று சொல்லவில்லை. ‘இது நம்ம சோலி இல்ல’ என்றார். இரண்டுக்கும் நடுவில் மலையளவு வித்தியாசம்.

கோடாங்கி கணக்கில் பேய் என்பது ஒரு காலத்தில் மனுஷனாக இருந்தது. கிணற்றில் விழுந்தவள், அரளி தின்றவன், கல்யாணம் ஆகாமல் செத்தவள், பிரசவத்தில் போனவள். அதற்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, ஆறாத குறை ஒன்று உண்டு. உடுக்கையடித்து அவர் கேட்பதே அதைத்தான்: நீ யாரு, எந்த ஊரு, எங்க பிடிச்ச, உனக்கு என்ன வேணும்? அது ஒரு சேலை கேட்கும், கோழி கேட்கும், பூ கேட்கும். பேரம் நடக்கும். கொடுப்பதைக் கொடுத்து, சத்தியம் வாங்கி, தலைமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து அனுப்பி வைப்பார்கள். பயத்துக்கு நேரம் கூட நம் ஊரில் வேறு. உச்சி வெயிலில் புளியமரத்தடிப் பக்கம் போகாதே என்றுதான் நம் பாட்டிகள் சொன்னார்கள். விடியற்காலை மூன்று மணி என்பது இறக்குமதிச் சரக்கு.

சினிமாவில் வரும் அந்தப் பேய்க்கு எதுவும் வேண்டாம். அழிப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாததோடு என்ன பேரம் பேசுவது? அதனால்தான் தாத்தா சிரித்தார், அதனால்தான் விலகியும் கொண்டார். அவர் தொழிலில் அவர் நேர்மையானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் அப்படி இல்லை. படம் வந்த பிறகு சுவரில் ஏறுகிற பேய்க்கும் சேர்த்து ரேட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அரசு மருத்துவமனையில் இருந்த காலத்தில் ஒரு பூசாரி, தன்னிடம் வருகிறவர்களில் சிலரை மட்டும் எங்களிடம் அனுப்பிவைப்பார். எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “கேட்டதுக்குப் பதில் சொல்றது என் கேஸு. தனக்குத்தானே பேசிக்கிட்டே இருக்கறது உங்க கேஸு” என்றார். பாடப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அவர் அனுப்பியவர்கள் பெரும்பாலும் சரியான இடத்துக்குத்தான் வந்தார்கள்.

சினிமா கோடாங்கியை மட்டுமா கெடுத்தது? எங்களையும்தான். 2005-ல் ‘சந்திரமுகி’ வந்த பிறகு, “எம் பொண்ணுக்கு ஸ்பிளிட் பர்சனாலிட்டி, டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு பாட்டைப் போட்டு ஒரே ராத்திரியில் குணமாக்கும் வித்தை எனக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு நிற்கும் ஆள்

முழிப்பு வந்தும் உடம்பு அசையாமல் கிடப்பது, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ இருப்பது போன்ற நிச்சயம்: இதற்கு நம் ஊரில் ‘அமுக்குவான்’ என்று பெயர். மருத்துவத்தில் தூக்க முடக்கம். கனவு வரும் தூக்கத்தில், கனவில் ஓடுவதை நிஜமாக ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிவைக்கும். சில நேரம் மனது முழித்துவிடும், கட்டு அவிழ்ந்திருக்காது, கனவும் முழுசாகக் கலைந்திருக்காது. அந்தச் சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடத்தில், மூளை ஒரு ஆளை நிறுத்திவிடுகிறது. அந்த ஆள் என்ன வேஷத்தில் வருவான் என்பது நாம் என்ன பார்த்து வளர்ந்தோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் தம்பிக்குக் கறுப்பு அங்கி. இது அபூர்வமே இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மாணவர்களில் நூற்றுக்கு 28 பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நிறைய. அதனால்தான் அந்த நேரம். ராஜா யாரும் நேரம் குறித்து வரவில்லை.

இது அத்தனையும் படத்தால் வந்ததா என்றால், இல்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ வெளியான சமயம் அதைப் பார்த்துவிட்டு நிலைகுலைந்து வந்த நான்கு பேரைப் பற்றி 1975-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. படம் திரியைப் பற்ற வைத்தது. வெடிமருந்து ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதுதான் நான் படித்துப் புரிந்துகொண்டது. உங்கள் தம்பிக்குள் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. மாமாவிடம் கேஸை மறந்துவிடச் சொல்லுங்கள். வயது வந்த ஒருவன் விரும்பிப் பார்த்த படத்தின் மேல் போடும் வழக்கு, வக்கீல் பீஸைத் தவிர வேறெதற்கும் ஆகாது.

ஏழாம் பக்கம்

‘அப்பா போன வருஷம் பங்குனியில் தவறிவிட்டார், தம்பி அன்றைக்குத் தியேட்டரில் பேய்ப் படத்தில் இருந்தான், ஏழு மிஸ்டு கால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டுவிட்டு அடுத்த வரியில் அரியர் கணக்குக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

போனைச் சைலண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன். வெளியே வந்து போனில் ஏழு மிஸ்டு காலைப் பார்க்கிறான். அதற்கப்புறம் அவன் பேய்ப் படத்தை விடாமல் பார்க்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்லும் ஆவி ஒன்றைத் தேடிப் பிடிக்கிறான். மூன்று மணிக்கு யாரோ காலடியில் நிற்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது யார் குரல் என்று யாராவது அவனைக் கேட்டீர்களா?

நான் சொல்வது ஊகம்தான், அவனைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக் கூடாது. ஆனால் நெருங்கியவர்களை இழந்தவர்களுக்கு அவர்கள் குரல் கேட்பதும், உருவம் தெரிவதும் துக்கத்தில் சாதாரணமாக வருவது. அதுவே பைத்தியம் ஆகிவிடாது. தாத்தா பேயைக் கேட்கும் கேள்வியைத்தான் நான் உங்களிடம் கொடுக்கிறேன், அதை நீங்கள் தம்பியிடம் கேட்கவேண்டும்: உனக்கு என்னடா வேணும்? மொட்டைமாடியிலோ, வண்டியில் போகும்போதோ கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். அப்பா அன்றைக்கு எத்தனை மணிக்குப் போனார், போனை எடுத்திருந்தாலும் வந்து சேர முடிந்திருக்குமா என்பதை யாரும் அவனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

துக்கம், தூக்கக் கேடு என்று நான் சொன்னதை வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். மனச்சிதைவு போன்ற நோய்கள் ஆரம்பிக்கும் வயதும் இதுதான், பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். சீக்கிரம் பார்த்தால் நன்றாகச் சரிசெய்யலாம். குரல் தூக்கக் கலக்கத்தில் மட்டுமா, பட்டப்பகலிலும் கேட்கிறதா? தனியாகப் பேசுகிறானா? சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது, வீட்டில் யாரோ கெடுக்கப் பார்க்கிறார்கள் என்கிறானா? குளிப்பதில்லையா? பேச்சு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் போகிறதா? இதில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். கஞ்சா பழக்கம் உண்டா என்று கோபப்படாமல் கேளுங்கள், அது நிலைமையையே மாற்றிவிடும்.

“அப்பா கூப்பிடுறாரு, போகணும்” என்று ஒரு வார்த்தை வந்தாலும், அல்லது அந்தக் குரல் எதையாவது செய்யச் சொன்னாலும், அன்றைக்கே. தனியாக விடாதீர்கள். எந்நேரமும் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அம்மா சொல்லும் இடம்

வேண்டாம். இதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. அதற்கு முன் அவர்களையும் யாரோ ஒரு அம்மா, ஒரு அண்ணன், நல்லது ஆகும் என்று நம்பித்தான் கொண்டு வந்து விட்டிருப்பார்கள். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் கடிதத்தில் ‘பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதுமாமே’ என்று ஒரு வரி. போதாது. தம்பிக்கு 19 வயது. மருத்துவமனையில் சேர்வதென்றாலும் பொதுவாக அவன் சம்மதம் வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில், தானே முடிவெடுக்க முடியாத அளவுக்கு இருந்தால் மட்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டு, 89-ஆம் பிரிவின்படி சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மனநல மருத்துவமனைக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், மற்ற இடத்தில் அவன் விருப்பமில்லாமல் பூட்டி வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அம்மாவோடு சண்டை போட்டு இதைச் சாதிக்க முடியாது. அவருக்குச் சாமி வழியும் வேண்டும். அதை நான் தடுக்கமாட்டேன். அதே ஏர்வாடி தர்காவில் இன்றைக்கு அரசு மருத்துவர்களின் கிளினிக்கும் நடக்கிறது. துவா செய்துவிட்டு மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ‘தவா, துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) என்றே அதற்குப் பெயர். விபூதி, கயிறு, குலசாமிக்குப் பொங்கல், எதுவும் மருந்தோடு சண்டைக்கு வராது. அடி, பட்டினி, மிளகாய்ப் புகை, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் உட்கார வைப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இவை கூடாது. தாத்தாவுக்கும் இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அவர் வாயால் அம்மாவிடம் சொல்ல வையுங்கள்: “பெரிய பேயின்னு நான் சொல்லல தாயி, பேயே இல்லேன்னுதான் சொன்னேன்.” மகளுக்கு அப்பா சொல்வதுதான் எடுபடும்.

இந்த வாரம்

ராத்திரிப் படத்தை நிறுத்துங்கள், படத்தையே நிறுத்தவேண்டாம். பார்த்தே தீருவேன் என்றால் பகலில், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து. பதினொரு மணிக்குப் படுக்கை, ஒருக்களித்து. மதியத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம். அமுக்கும்போது எழுந்திருக்கப் போராடாமல், கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்க்கச் சொல்லுங்கள். பல பேருக்கு அது உதவுகிறது.

நோட்டை அம்மா எரித்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எரிக்கவிடாதீர்கள். அவனுக்குத் தெரியாமல் எடுத்து எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவனையே கையில் கொண்டு வரச் சொல்லுங்கள், முதல் பக்கத்திலிருந்து காட்டட்டும். தேனி, மதுரை இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும், ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்.